புக்கிட் மேராவில் ஒரு பரங்கிக்கொடி

குளிர்நாடுகளில் ஐப்பசி பிறக்கும் தறுவாயில், மரங்களெல்லாம் இலை பழுத்து நிற்க, ஊருக்கு வெளியே உள்ள பண்ணைகளின் வாயில்கள் ஜனங்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. பெற்றோர் தம் குழந்தைகளைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, கொடி காய்ந்து கிடக்கும் நிலத்தில் செக்கச்செவேலென்று உருண்டு கிடக்கும் பரங்கிக்காய்களிலே மனத்துக்குப் பிடித்த ஒன்றைத் தாமே தேர்ந்து, காம்போடு அறுத்து, விலை கொடுத்து வீட்டுக்கு எடுத்து வருவது அங்கே ஒரு சிறு திருவிழாவாகவே நடந்து வருகிறது. கனடாவில் டொராண்டோ நகரைச் சுற்றிக் குடியேறிவிட்ட நம் யாழ்ப்பாணத்துச் சகோதரர்களும் அக்டோபர் மாதத்து வார இறுதிகளில் குழந்தை குட்டிகளோடு இந்தப் பண்ணைகளுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். அங்கே பரங்கியைக் குடைந்து விளக்கேற்றும் வழக்கம் மிகப் பழையதன்று. அயர்லாந்து தேசத்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றி வந்த ஜனங்கள், 1840களின் கொடிய பஞ்சத்துக்குத் தப்பி அமெரிக்காவுக்குக் கூட்டங்கூட்டமாகச் சென்றபோது, அந்த மண்ணுக்கே உரிய பரங்கிக்காய் கிழங்கைவிடப் பெரிதாகவும் குடைவதற்கு எளிதாகவும் இருக்கக் கண்டு அதனை ஏற்றுக்கொண்டார்கள். பண்ணைக்கே சென்று பறிக்கும் வழக்கமோ அதனினும் இளையது. மோட்டார் வண்டி குடும்பத்துக்கொன்று என்று ஆன பிற்பாடு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் அது பரவியது.

சிங்கப்பூரில் இலையுதிர் காலம் என்று ஒன்றில்லை. பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை வடக்கே கிடக்கும் இத்தீவில் மாதந்தோறும் மழை பெய்கிறது. கார்த்திகை மார்கழியில் வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் சற்று அதிகமாகப் பெய்கிறது. மரங்கள் ஒருபோதும் ஒருசேர இலையை உதிர்த்துவிட்டு நிற்பதில்லை. ஆகவே, பரங்கி பறிக்கப் பண்ணைக்குப் போகும் சம்பிரதாயத்துக்கும் நமக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று எண்ணுவோர் உளர். நான் அவ்வாறு எண்ணவில்லை. தீவின் தென்கரையில், துறைமுகத்துக்குப் பின்புறமாக எழுந்து, இன்று அடுக்குமாடி வீடுகளால் முழுதும் மூடப்பட்டுக் கிடக்கும் புக்கிட் மேரா என்னும் செம்மண் மேட்டுப் பிரதேசத்தின் இருநூறு வருஷத்துச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில் விதை ஊன்றி, தன் கையாலேயே காயைப் பறித்து உண்ணும் ஆசை அங்கே தலைமுறை தலைமுறையாக அறுபடாமல் வந்திருப்பதைக் காண்கிறோம்.

இந்தக் குன்றைப் பற்றிய மிகப் பழைய கதையிலேயே ஒரு தாவரம் வந்துவிடுகிறது. மலாய் மக்களின் பழஞ்சரித்திரமாகிய ‘செஜாரா மெலாயு’ சொல்லும் கதை அது. கடலோரத்து ஜனங்களைக் கொம்புமீன்கள் கூட்டமாகத் தாக்கிக் குத்திக் கொன்றபோது, அரசன் தன் வீரர்களையே காலோடு கால் சேர்த்துக் கரையில் அணிவகுத்து நிற்கச் செய்தான். அவர்களும் மாண்டு விழுந்தார்கள். அப்பொழுது ஒரு சிறுவன் முன்வந்து, மனிதர்களின் கால்களுக்குப் பதிலாக வாழைத்தண்டுகளை வேலியாக நிறுத்தலாமே என்றான். மீன்கள் பாய்ந்து தண்டுகளில் கொம்பு சிக்கித் துடிக்க, ஜனங்கள் அவற்றை வெட்டிச் சாய்த்தார்கள். இத்தனை புத்தியுள்ள சிறுவன் வளர்ந்தால் தன் அரசுக்கே ஆபத்து என்று அஞ்சிய அரசன் அவனைக் கொல்வித்தான். அந்த இரத்தம் தோய்ந்துதான் குன்று சிவந்தது என்று இப்பகுதியின் மக்கள் இன்றும் சொல்லி வருகிறார்கள். அரச சபையில் இருந்த பெரியவர்களுக்குத் தோன்றாத யுக்தி, வாழைத்தண்டின் மென்மையையும் பசையையும் தினமும் தொட்டறிந்திருந்த ஓர் ஏழைக் குழந்தைக்குத் தோன்றியது என்பதுதான் இக்கதையில் என் உள்ளத்தை எப்போதும் தொடுவது.

ஆங்கிலேயர் 1819இல் வந்திறங்குவதற்கு முன்னரே இத்தீவின் குன்றுகளில் கம்பீர்த் தோட்டங்கள் சில இருந்தன. தோல் பதனிடவும், சாயமிடவும், வெற்றிலையோடு மெல்லவும் பயன்பட்ட அந்த இலையின் சாற்றைக் காய்ச்சுவதற்குக் காடு காடாக விறகு வேண்டியிருந்தது. காய்ச்சி எஞ்சிய சக்கை மிளகுக்கொடிக்கு உரமாயிற்று. பதினைந்து இருபது வருஷத்தில் மண்ணும் விறகும் தீர்ந்ததும் சீனத் தோட்டக்காரர்கள் அடுத்த காட்டை நாடிப் போனார்கள், இறுதியில் ஜோகூருக்கே கடந்து போனார்கள். 1823இல் ஆங்கிலேயரின் தலைவர் ராபிள்ஸ், மலாய்த் தலைவராகிய தெமெங்கோங் அப்துல் ரஹ்மானையும் அவருடைய பரிவாரத்தையும் ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்து, தெலுக் பிளாங்காவில் 200 ஏக்கர் நிலத்தைக் கொடுத்துக் குடியேற்றினார். அதன்பின் ஐரோப்பியக் கனவான்களுக்கு ஜாதிக்காய்ப் பித்து ஒன்று பிடித்தது. மருத்துவர்களும் உத்தியோகஸ்தர்களும் நகரத்தைச் சுற்றியுள்ள மேடுகளையெல்லாம் ஜாதிக்காய்த் தோப்புகளாக்கிப் பெரும் பணத்தைக் கொட்டினார்கள். 1850களின் பிற்பகுதியில் மரங்களை நோய் பற்றிக்கொள்ள, சில வருஷங்களுக்குள் அவ்வளவும் அழிந்தது. இவையெல்லாம் கப்பலேறி அயல்நாட்டுச் சந்தைக்குப் போன பயிர்கள். கூலியாட்களின் வயிற்றை நிரப்பியவை அல்ல. ஆதலால் இவற்றை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

நம் ஜனங்கள் இந்த மண்ணில் கைவைத்தது பயிருக்காக அன்று, முதலில் செங்கலுக்காகவும் சாலைக்காகவுமே. ராபிள்ஸோடு பினாங்கிலிருந்து 1819இல் வந்த நாராயண பிள்ளை, பக்கத்திலுள்ள தஞ்சோங் பகாரில் இத்தீவின் முதற் செங்கற்சூளையை அமைத்தார். தெலுக் பிளாங்கா மலைக்கு 1845இல் சாலை வெட்டுவித்து, அம்மலைக்குத் தம் பெயரையே விட்டுச் சென்ற கேப்டன் பேபர், சென்னை இராஜதானியின் பொறியியற் படையைச் சேர்ந்தவர். பிறகு 1899இல் போர்னியோ கம்பெனியார் அலெக்சாந்திரா சாலையோரத்தில் பெரியதொரு செங்கல் ஆலையைத் தொடங்கியபோது, களிமண் வெட்டவும், மிதிக்கவும், சூளைக்குச் சுமக்கவும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களே பெரும்பாலும் அமர்ந்தார்கள். அவர்கள் 1913ஆம் ஆண்டளவில் ஆலையின் வளாகத்துக்குள்ளேயே சிறு கோயில் ஒன்றை எழுப்பிக் காளியம்மனை வழிபட்டு வந்தார்கள். 1960களின் இறுதியில் அந்நிலம் கைமாறிய பிறகு, பலருடைய பிரயத்தனத்தால் டெப்போ சாலையில் புதிதாகக் கட்டப்பெற்று 1983இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ ருத்ர காளியம்மன் ஆலயம் அதன் வழிவந்ததே. ஆலை போயிற்று, பிரிக்வொர்க்ஸ் என்ற பெயர் மட்டும் ஒரு காலத்தில் தேர்தல் தொகுதிக்கே பெயராக நின்றது.

இந்தச் சூளைத் தொழிலாளரோடு துறைமுகத் தொழிலாளரையும், ரயில்வேத் தொழிலாளரையும் சேர்த்து எண்ண வேண்டும். தஞ்சோங் பகார் ரயில் நிலையம் 1932இல் திறக்கப்பட்டபோது, கம்போங் பாரு வழியாகவும் புக்கிட் மேராவின் தாழ்நிலங்கள் வழியாகவும் புதிய தண்டவாளம் வடக்கு நோக்கி ஓடியது. அதே வருஷத்தில் குவீன்ஸ்வேக்கு அருகே தண்டவாளத்தோரமாக ரயில்வேத் தமிழர்கள் வைத்து வழிபடத் தொடங்கிய முனீஸ்வரனே இன்று காமன்வெல்த் டிரைவில் பெருங்கோயில் கொண்டிருக்கிறார். தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வந்த முஸ்லிம் குடும்பங்கள் தஞ்சோங் பகாரைச் சுற்றித் தெருத்தெருவாக வாழ்ந்தன. ஆடவர் துறைமுகத்தில் உழைக்க, பெண்டிர் அம்மியில் மசாலா அரைத்துச் சந்தையில் விற்று ஜீவனம் நடத்தினார்கள். அவர்கள் வீட்டுத் தாளிச்சாவில் மாங்காயோடும் கத்திரிக்காயோடும் பரங்கித் துண்டம் ஒன்று மிதக்காவிட்டால் அது நிறைவுபெறாது. நாகப்பட்டினத்திலிருந்து ‘ராஜுலா’ கப்பலில் ஏறி வந்தவர்களின் தகரப் பெட்டியில், சேலைத் தலைப்பில் கிழித்த துணியில் நாலைந்து வகை விதைகள் முடிந்து கிடந்திருந்தால் அதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? ஊரைவிட்டுப் போகிறவள் ஊரிலிருந்து கொண்டுபோகக் கூடியது அது ஒன்றுதானே!

தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளின் பின்புறத்தில், சாக்கடை ஓரத்திலும் வேலி ஓரத்திலும், முருங்கைக் கொம்பு ஒன்றை ஊன்றி, பக்கத்தில் பச்சை மிளகாய், கீரை, அவரை, பரங்கி என்று விதைப்பது அத்தகையோர் எங்கே சென்றாலும் செய்யும் முதற் காரியம். பரங்கி அவர்களுக்கு ஏன் அவ்வளவு உகந்தது என்பதைத் தோட்டம் போட்டவர்கள் அறிவார்கள். அதற்குப் பாத்தி வேண்டாம், கொத்தி வைத்த ஒரு குழி போதும். குப்பையையும் சாம்பலையும் சாணத்தையும் குழியிலே இட்டு மூன்று விதையைப் போட்டுவிட்டால், அது தானாகவே வேலியைப் பிடித்து, கூரையில் ஏறி, மண்வெட்டி எட்டாத இடத்திலெல்லாம் காய்த்துத் தள்ளும். பிஞ்சு கூட்டுக்கு ஆகும். முற்றியது குழம்புக்கும் இனிப்புப் பச்சடிக்கும் ஆகும். இளங்கொழுந்தும் பூவும் பொரியலுக்கு ஆகும். விதையை வறுத்துக் கொறிக்கலாம். குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில், நன்றாக முற்றிய காயைக் காம்போடு அறுத்து நிழலில் உறியிலோ பரணிலோ வைத்துவிட்டால் மாதக்கணக்கில் கெடாது என்பதைக் காட்டிலும் ஓர் ஏழை வீட்டுக்கு வேறென்ன வேண்டும்?

அமெரிக்கக் கண்டத்திலே பிறந்து, போர்த்துகீசியர் கப்பல்களின் காலத்தில் கீழ்நாடுகளுக்கு வந்து சேர்ந்த இந்தக் காய், நம் வீட்டு விசேஷங்களுக்குள் எவ்வளவு ஆழமாகப் புகுந்துகொண்டது என்பது ஆச்சரியம் தருவது. ஆடிப்பட்டம் தேடி விதைத்த கொடி மார்கழியில் பூக்கிறது. விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலமிட்டு, சாணப் பிள்ளையாரின் தலையில் அந்த மஞ்சள் பூவைச் செருகி வைக்கிறோம். தை பிறக்கும்போது காய் முற்றுகிறது. பொங்கலன்று பல காய்களைச் சேர்த்து வைக்கும் குழம்பில் மொச்சையும் சர்க்கரைவள்ளியும் வாழைக்காயும் இருந்து, பரங்கி இல்லையென்றால் எங்கள் பக்கத்து வீடுகளில் பாட்டிமார்கள் ஒப்புவதில்லை. பண்டைக் காலந்தொட்டு இங்கேயே இருந்த சாம்பல் பூசணிக்காயோ, ஆயுதபூஜையன்று குங்குமமும் கர்ப்பூரமும் சுமந்து பட்டறை வாசலில் உடைபடும் பெருமையைப் பெற்றது. அடுப்படியின் பெருமை வந்தேறிய தங்கைக்குப் போயிற்று. தேக்கா சந்தையில் இன்றைக்கும் தைப்பொங்கல் வாரத்தில் கீற்றுக் கீற்றாக அரிந்து அடுக்கிய பரங்கித் துண்டங்களுக்கு முன்னே பெண்கள் கூடி நிற்பதைக் காணலாம்; அரிந்த முகத்தின் நிறம் குங்குமப்பூவைக் கரைத்தாற்போல் ஆழ்ந்திருக்கிறதா, விதைக்குழி உலர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அவர்கள் விலையை விசாரிக்கிறார்கள்.

புக்கிட் மேராவின் சீனக் கம்பங்களாகிய சிற்றூர்களிலும் இதே ஆசை வேறு வடிவத்தில் வேரூன்றியிருந்தது. அத்தாப்பு ஓலை வேய்ந்த வீடுகள் நெருங்கிக் கிடந்த அந்த மேடுபள்ளங்களில், வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே காய்கறிப் பாத்திகளும், கோழிக் கூண்டுகளும், பன்றிக் கொட்டில்களும் இருந்தன. பன்றியின் எரு பாத்திக்குப் போயிற்று. பாத்தியின் கழிவு பன்றிக்கு வந்தது. மலாய்க் கம்பங்களில் வாழையும் தென்னையும் மரவள்ளியும் நின்றன. ஒரே காய் மூன்று அடுப்புகளில் மூன்று விதமாக வெந்தது: மலாய்க்காரர்கள் பரங்கியைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து உண்டார்கள், தியோச்சியூச் சீனர்கள் சேப்பங்கிழங்கு மசியலோடு இனிப்பாகச் சேர்த்து விருந்தின் கடைசியில் பரிமாறினார்கள், நம்மவர் கடுகும் மிளகாயும் தாளித்துக் கூட்டாக்கினார்கள். வேலிக்கு அப்பால் ஓடிப்போய்க் காய்த்த பரங்கி யாருக்கு என்ற வழக்கு, இம்மூன்று பாஷைகளும் கலந்த சந்தை மலாயிலே தீர்க்கப்பட்டிருக்கும் என்று எண்ணும்போது எனக்கு அந்தக் காலத்தின்மேல் மிகுந்த பிரியம் உண்டாகிறது.

யுத்த காலம் இந்த ஆசையை அவசியமாக்கியது. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் கைக்கு நகரம் வீழ்ந்து, ‘ஷோனான்’ என்று பெயர் மாறியபின், பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி குறைந்துபோயிற்று. பங்கீட்டு அளவு மாதத்துக்கு மாதம் சுருங்கியது. அதிகாரிகள் ‘அதிக உணவு பயிரிடுங்கள்’ என்று இயக்கம் நடத்தினார்கள். விளையாட்டுத் திடல்களும் பள்ளிக்கூட முற்றங்களும் வீட்டு வாசல்களும் கொத்தப்பட்டன. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் சோற்றின் ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டன. எத்தனையோ தமிழர்கள் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மீளாமற்போன அந்த வருஷங்களில், பின்புறத்தில் ஒரு கொடி காய்த்த வீட்டில் குழந்தைகளின் உயிர் தங்கியது. வாழைமரப் படம் போட்ட ஜப்பானியப் பணம் ஒருநாள் வெறுங்காகிதமாயிற்று. பரங்கிக்காய் அப்படி ஆகவில்லை. நாட்டின் வாய்மொழிச் சரித்திர நிலையம் 1979 முதல் முதியவர்களின் குரலைப் பதிந்து காத்து வருவது பெரும் புண்ணியம். அப்படிப் பதிகிறவர்கள் போரையும் படுகொலையையும் கேட்பதோடு, ‘அப்போது எதை நட்டீர்கள், விதையை யாரிடம் வாங்கினீர்கள், தண்ணீர் எங்கிருந்து சுமந்தீர்கள்?’ என்றும் கேட்க வேண்டுமென்று விரும்புகிறேன். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடிய பாட்டிமார்கள் இன்னும் சிலர் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

போருக்குப் பிறகு கம்பங்களில் ஜனங்கள் பெருகினார்கள். அவர்களுள் பெரும்பாலோர்க்கு நிலத்தின்மேல் இருந்த உரிமை, வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கப்பட வேண்டிய தற்காலிக உரிமம் ஒன்றே. அதுவும் இல்லாதவர் பலர். இந்நிலையில் 1961 மே 25ஆம் நாள், ஹஜ்ஜுப் பெருநாளின் பிற்பகலில், புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ, உலர்ந்த அத்தாப்புக் கூரைகளின் வழியே காற்றோடு தாவி, ஏறக்குறைய 16,000 பேரை ஒரே மாலையில் வீடற்றவர்களாக்கிவிட்டது, நால்வர் உயிரிழந்தனர். 1960 பிப்ரவரியில்தான் தொடங்கப்பட்டிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இரவு பகலாக உழைத்து, ஒரு வருஷத்துக்குள் அவர்களைச் செங்கல்லும் சிமெண்டுமான வீடுகளில் குடியமர்த்தியது. அது மகத்தான சாதனை. அதனைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயலாகும். குழாயைத் திருகினால் நல்ல தண்ணீரும், இராத்திரியில் தீயைப் பற்றிய பயமில்லாத உறக்கமும் பெற்ற ஒரு தாயிடம் சென்று, பரங்கிக்கொடியை இழந்தாயே என்று வருந்துவதற்கு யாருக்கும் உரிமையில்லை. எனினும் அவள் இழந்தது உண்மை. 1966இல் வந்த நில எடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, தெலுக் பிளாங்கா, ஹெண்டர்சன், ரெட்ஹில், புக்கிட் மேரா மத்திய வட்டாரம் என்று குன்று குன்றாகச் சமன் செய்யப்பட்டு வீடுகள் எழும்பின. செம்மண்ணே பல இடங்களில் வெட்டியெடுத்துச் செல்லப்பட்டுவிட்டது.

1960களில் தீவு முழுவதிலும் இருபதினாயிரம் பண்ணைகள் இருந்தன என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 1980களின் முடிவோடு பன்றிப் பண்ணைகள் அடியோடு மூடப்பட்டன. எஞ்சிய காய்கறிப் பண்ணைகள் வடமேற்கு மூலையில், கிராஞ்சிக்கும் லிம் சூ காங்குக்கும் ஒதுங்கின. அங்கே 2005இல் பண்ணைக்காரர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்துக்கொண்டு, பேருந்து விட்டு, நகரத்து ஜனங்களை வரவேற்கத் தலைப்பட்டார்கள். புக்கிட் மேராவின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் கத்திரிக்காய் செடியில் காய்க்கிறது என்பதைக் கண்ணால் காண அத்தனை தூரம் பிரயாணம் செய்தார்கள். அதற்கும் ஆயுள் நீளவில்லை. 2014இல், இராணுவப் பயிற்சிக்காக லிம் சூ காங்கில் 62 பண்ணைகளின் நிலம் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும் என்று அறிவிப்பு வந்தது. இச்சிறு தீவில் ஒவ்வோர் அங்குல மண்ணுக்கும் பத்துக் கைகள் நீளுகின்றன. தோட்டக்காரன் கை அவற்றுள் வலியது அன்று.

ஆனால் புக்கிட் மேராவிலேயே, யாருடைய கணக்கிலும் வராமல், நீண்டதொரு தோட்டம் அந்த வருஷங்களிலெல்லாம் இருந்துகொண்டிருந்தது. தண்டவாளத்தின் இருபுறமும் உள்ள நிலம், சிங்கப்பூர் தனிநாடான பின்னரும் மலேசிய ரயில்வேக்கே உரியதாக நீடித்தது. இரு அரசாங்கங்களும் அதைப் பற்றி 1990இல் ஓர் உடன்பாடு கண்டு, பிறகும் இருபது வருஷம் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருக்க, அடுக்குமாடிகளின் பின்னால் அந்தப் பச்சைப் பட்டை மட்டும் எந்தக் கட்டடமும் எழும்பாமல் கிடந்தது. பக்கத்துக் குடியிருப்பு முதியவர்கள் அதிகாலையில் மண்வெட்டியோடு அங்கே இறங்கினார்கள். வாழை, பப்பாளி, மரவள்ளி, பாண்டான், கறிவேப்பிலை, படர்கொடிகள்; பழைய கதவையும் தகரத்தையும் சேர்த்துக் கட்டிய வேலி; மழைநீர் பிடிக்க ஒரு நீலப் பீப்பாய். சட்டப்படி அது குற்றமே. எனினும் கம்பத்தில் பிறந்து பத்தாம் மாடியில் முதுமையடைந்தவர்களுக்கு அந்த நாலடி மண் என்னவாக இருந்திருக்கும் என்பதை எண்ணி, அவர்களைக் குற்றவாளிகள் என்று அழைக்க என் நா எழவில்லை. 2011 ஜூலை முதல் நாளன்று ரயில் நின்றது. தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை நடைப்பயிற்சிக்கும் மிதிவண்டிக்கும் உரிய பசுமைப் பாதையாகச் சீர்படுத்தப்பட்டது.

மண்ணை இழந்தவர்கள் தொட்டியை நாடினார்கள். அடுக்குமாடியின் பொது நடைபாதையில், ஆட்கள் தடையின்றிச் செல்ல 1.2 மீட்டர் அகலம் விட்டுவிட வேண்டும் என்ற விதியை மதித்து, மீதமுள்ள இடத்தில் துளசியும் கறிவேப்பிலையும் வளர்ப்பது நம் வீடுகளின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பரங்கிக்கு மட்டும் தொட்டியும் நடைபாதையும் போதவில்லை. 2005இல் தேசியப் பூங்காக் கழகம் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கி, புளோக்குகளுக்குக் கீழே வேலி அடைத்த தோட்டங்களைக் குடியிருப்பாளரிடம் ஒப்படைத்தது. அது ஊர் கூடி நட்டு, ஊர் கூடிப் பறிக்கும் ஏற்பாடு. தனக்கென்று ஒரு பாத்தி வேண்டும் என்ற ஆசை, 2016இல் அலெக்சாந்திராவுக்கு அருகிலுள்ள ஹார்ட் பார்க் பூங்காவில் நிறைவேறத் தொடங்கியது. இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள மேடைப் பாத்திகளை அமைத்து, வருஷத்துக்கு 57 வெள்ளி வாடகைக்கு, மூன்று வருஷத் தவணையில் குடிமக்களுக்குக் கொடுத்தார்கள். விண்ணப்பித்தவர்கள் பாத்திகளைவிடப் பன்மடங்கு இருந்தபடியால் குலுக்கல் நடத்த வேண்டியதாயிற்று. பிறகு தீவின் பல பூங்காக்களுக்கும் இது பரவி, பாத்திகளின் தொகை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. தொற்றுநோய் ஊரை அடைத்துவைத்த 2020இல் கழகம் நான்கு லட்சம் வீடுகளுக்கு விதைப் பொட்டலங்களை அனுப்பியபோது, யுத்த காலத்தைக் கண்ட முதியவர்கள் மரவள்ளிக் காலத்தை நினைத்திருப்பார்கள்.

அந்த மேடைப் பாத்திகளை ஒருமுறை காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஏழு மணி என்பது தற்செயலாகச் சொன்னதன்று. பரங்கிப்பூ விடியலில் மலர்ந்து வெயில் ஏறுமுன் சுருங்கிவிடும். ஆண் பூ வேறு, பெண் பூ வேறாகப் பிறக்கும் இந்தக் கொடியில், பெண் பூவின் அடியில் மட்டும் கோலிக்குண்டளவு பிஞ்சு ஒன்று முன்னரே திரண்டிருக்கும். தேனீ வராத நாளில் தோட்டக்காரரே தேனீயின் வேலையைச் செய்தாக வேண்டும். நான் கண்ட ஓர் அம்மையார் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை ஒவ்வொன்றாகப் பின்புறம் மடக்கி உரித்துவிட்டு, மகரந்தம் பூத்த தண்டை மட்டும் இரு விரலில் பிடித்து, பெண் பூவின் நடுவே மெல்லச் சுற்றித் தடவினார். பிஞ்சு கைப்பிடியளவு ஆனதும், பழ ஈ முட்டையிட்டுவிடாதபடி பழைய செய்தித்தாளால் பை செய்து அதன்மேல் மாட்டினார். இரண்டரை மீட்டர்ப் பாத்தியில் பத்து மீட்டர் ஓடும் கொடியை அடக்குவதற்காக, மூங்கிலைக் கட்டி மேலே ஏற்றி, தொங்கும் காய்க்கு வெங்காயப் பையில் ஓர் ஊஞ்சல் கட்டியிருந்தார். ஈரமான மண்ணில் கிடந்தால் அடி அழுகிவிடும் என்பதற்கும் அதுவே மருந்து. கொசு பெருகும் என்பதால் வாளியில் தண்ணீர் தேக்கி வைக்கக்கூடாதென்ற கட்டளையையும் அவர் அணுவளவும் மீறவில்லை.

பறிக்கும் நாளில் அவரருகே ஒரு மலாய்ப் பெரியவரும், பக்கத்துப் பாத்தியின் சீன இளைஞர் ஒருவரும் நின்றார்கள். அம்மையார் காயின்மேல் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார். தோலில் நகம் இறங்கவில்லை. காம்பு பச்சை போய்த் தக்கைபோல் வெளிறி வரிவரியாக வெடித்திருந்தது. பளபளப்பு மங்கி, மேலே சாம்பல் பூத்தாற்போல் ஒரு மாவு படிந்திருந்தது.

“அக்கா, இன்னும் ஒரு வாரம் விடலாமா?” என்று கேட்டுவிட்டேன்.

“ஒரு வாரம் விட்டா மழை பிடிச்சிக்கும் தம்பி. காம்பு சொல்லிடுச்சு, அப்புறம் நாம என்ன யோசிக்கிறது?” என்று சொல்லிக்கொண்டே, நாலு விரற்கடை காம்பை விட்டுக் கத்தரிக்கோலால் நறுக்கினார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று யாராவது துணிந்தாலும், அதைப் பங்குபோடாமல் ஒரு சிறு குடும்பம் தின்று தீர்ப்பது கடினம். அங்கேயே ஒரு பலகைமேல் வைத்து அதை மூன்றாக வகிர்ந்தார்கள். பெரியவர் தம் பங்கைத் தேங்காய்ப்பாலுக்கென்று எடுத்துக்கொண்டார். இளைஞர் தம் பாட்டி சேப்பங்கிழங்கு வாங்கி வைத்துக் காத்திருப்பதாகச் சொன்னார். அம்மையாரின் பங்கு ஏழுகறிக் குழம்புக்குப் போவதாக இருந்தது. விதைகளை மட்டும் அவர் யாருக்கும் விடவில்லை. சதையோடு வழித்தெடுத்து, குழாயடியில் அலசி, ஒரு தாளில் பரப்பி வைத்தார். அவருடைய மூன்று வருஷத் தவணை முடிய இன்னும் சில மாதங்களே இருந்தன; அடுத்த குலுக்கலில் பெயர் வரவேண்டும் என்ற நியதி இல்லை. விதைகளில் பாதியைத் தமக்கு வைத்துக்கொண்டு, மீதியைப் பாத்தி எண் எழுதிய பொட்டலங்களாகக் கட்டி அண்டைப் பாத்திக்காரர்களிடம் கொடுத்தார். தவணை தீராத ஒருவர் பாத்தியிலாவது அந்தக் கொடி வரும் தைக்கு முன்பே மூங்கிலைப் பிடித்துவிடும் என்பது அவர் போட்ட கணக்கு.